ஒரு கையால் கும்பிட்டால் தப்பா?



போன மாசம் திருச்செந்தூர் போயிருந்தோம். சன்னதியில எங்க பெரியப்பா ஒரு கையை நெஞ்சுக்கிட்ட வச்சு, இன்னொரு கையைக் கழுத்துல வச்சபடி நின்னார். பக்கத்துல இருந்த ஒரு அம்மா, "ஒத்தக் கையால கும்பிடக் கூடாதுங்க"ன்னு மெதுவா சொன்னாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது. பெரியப்பாவுக்குக் குரல்வளையே இல்லைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

மூணு வருஷத்துக்கு முன்னாடி புற்றுநோய். குரல்வளையை முழுசா எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் மூச்சுக்குழாய்க்கும் வாய்க்கும் தொடர்பு கிடையாது. கழுத்துக்குக் கீழ இருக்கிற துளை வழியாத்தான் மூச்சு. மூக்கு வழியா காற்று போகாததால திருநீறு வாசனைகூட சரியாத் தெரியாது. தண்ணி அந்தத் துளைக்குள்ள போனா ஆபத்து, அதனால செந்தூர்க் கடல்ல முங்கவும் முடியாது. கரையில நின்னு கால் மட்டும் நனைச்சார்.

இப்ப எப்படிப் பேசுறார்? மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல சின்னதா ஒரு சிலிக்கான் வால்வு வச்சிருக்காங்க. கழுத்துத் துளையை விரலால மூடி மூச்சு விட்டா, காற்று வால்வு வழியா உணவுக்குழாய்க்குப் போய், தொண்டைச் சுவரை அதிர வைக்கும். அந்தச் சத்தத்தை நாக்கும் உதடும் சொல்லாக்கும். வால்வு ஒரு பக்கம்தான் திறக்கும், சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள வராது. 1980 வாக்கில் சிங்கர், பிளாம்னு ரெண்டு அமெரிக்கர்கள் கொண்டுவந்த முறை இது. கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு இவ்வளவு எளிமையான டிசைனைப் பார்த்துப் பொறாமைதான். ஆனா சில மாசத்துல பூஞ்சை படிஞ்சு கசிய ஆரம்பிக்கும். தண்ணி குடிச்சா இருமல் வரும். உடனே மாத்தணும்.

எங்க வீட்டுல ஒருத்தர் பெரியப்பாகிட்டயே சொன்னார்: "குமரகுருபரர் அஞ்சு வயசு வரை ஊமை. இதே செந்தூர்ல முருகன் பேச வச்சான். நம்பிக்கை இருந்தா உனக்கும் குரல் திரும்பும்." ஆறுதலாத்தான் சொன்னார். ஆனா அதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கே? திரும்பலைன்னா உன் பக்தி பத்தலைன்னுதானே ஆகுது! ஐம்பது வருஷம் தினமும் கந்த சஷ்டி கவசம் சொன்ன மனுஷன்கிட்ட போய் இதைச் சொல்லலாமா?

டாக்டர் கை வழியா வந்தா அது அருள் இல்லையா? என்னைக் கேட்டா, அந்த வால்வும் அவன் கொடுத்ததுதான். இப்படிச் சொன்னதும் இன்னொரு கேள்வி வந்து நிக்குது. இறக்குமதி வால்வுக்கு விலை அதிகம். திரும்பத் திரும்ப வாங்கணும். அப்ப காசு உள்ளவனுக்கு மட்டும்தான் அருளா? பெங்களூரு டாக்டர் விஷால் ராவ் ஐம்பது ரூபாய்ல ஒண்ணு செஞ்சு காட்டினார், பேரு 'ஓம்'. அப்பனுக்கே பிரணவப் பொருள் சொன்ன சுவாமிமலைக்காரன் ஞாபகம் உங்களுக்கும் வந்திருக்கும். ஒரு பொருளை இவ்வளவு மலிவா செய்ய முடியும்னு தெரிஞ்ச பிறகு, ஒருத்தர் காசில்லாம ஊமையா இருந்தா அது விதி இல்லைங்க. அந்தப் பழியை முருகன் மேல போட முடியாது, நம்ம மேலதான் வரும்.

நானும் யோக்கியன் இல்லை. அவர் பேச்சு மெதுவா, கரகரன்னு வரும். பாதி வாக்கியத்துல நானே மீதியை முடிச்சிடுவேன். அவர் விரலை எடுத்துடுவார். நான் உதவி பண்றேன்னுதான் ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

கோயில்ல இருந்து வெளிய வந்ததும் கேட்டேன்: "ரெண்டு கையும் கூப்பினா குரல் இல்லை. குரல் வேணும்னா ஒரு கை இல்லை. எப்படிப் பெரியப்பா முடிவு பண்றீங்க?"

கழுத்துல விரல் வச்சார். "சும்மா பாக்கணும்னா ரெண்டு கை. கேக்கணும்னா... ஒரு கை."

"இன்னைக்கு என்ன கேட்டீங்க?"

விரலை எடுத்துட்டு, சத்தமில்லாம சிரிச்சார்.

அப்புறம் டீக்கடை. "சர்க்கரை கம்மியா"ன்னு அவரே சொன்னார். கடைக்காரருக்குப் புரியலை, என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கலை. பெரியப்பா மறுபடியும் விரல் வச்சு, இன்னொரு தடவை சொன்னார்.