தேனீக்கு வைத்த சர்க்கரை தேனாகுமா?

 



செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரை வரை, வீட்டுத் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள். ஒரு முருங்கை, இரண்டு தென்னை, அதன் நிழலில் ஒரு பெட்டி. எறும்பு ஏறாமலிருக்கக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம். அவர்களிடமிருந்து வந்த கேள்வி இது: மழைக்காலத்தில் தேனீக்குச் சர்க்கரைப் பாகு வைக்கிறோம். அதற்குப் பிறகு அடையில் நிறைவதை எடுத்துத் தேன் என்று விற்கலாமா?

சிறிய கேள்விதான். ஆனால் ஒருவருடைய சம்பாத்தியம் ஹலாலா ஹராமா என்பது இதில் இருக்கிறது.

அல்லாஹ் குர்ஆனின் 16ஆவது அத்தியாயத்துக்கே தேனீயின் பெயரைச் சூட்டியிருக்கிறான். அதன் 68, 69ஆவது வசனங்களில், மலைகளிலும் மரங்களிலும் மனிதர்கள் கட்டுபவற்றிலும் கூடமைக்கும்படி தேனீக்கு அவன் அறிவித்ததைச் சொல்கிறான். உங்கள் கொல்லையில் இருக்கும் மரப்பெட்டி இந்த மூன்றாவது வகையில் சேரும். பிறகு, எல்லாக் கனிகளிலிருந்தும் உண்ணும்படி அதற்குக் கட்டளையிடுகிறான். மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பதாக அவன் சொன்ன பானம் அதற்கு அடுத்துத்தான் வருகிறது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூவும் கனியும் முதலில், தேன் பிறகு.

தேன் எடுக்கும் முறைக்கு வருவோம். பெட்டியில் கீழே புழு அறை, மேலே தேன் அறை. கீழே ராணியும் முட்டையும் குஞ்சுகளும் இருக்கும். அதில் கை வைக்கக் கூடாது. தேங்காய் நாரைப் புகையவிட்டு, மேல் அறையின் சட்டங்களை மட்டும் எடுக்கிறோம். தேனீக்கள் மெழுகு வைத்து மூடிய அடைதான் பக்குவமானது. மூடாத அடையில் நீர் அதிகம், சீக்கிரம் புளித்துவிடும். கத்தியால் மெழுகு மூடியைச் சீவி, கையால் சுற்றும் இயந்திரத்தில் சட்டத்தை வைத்தால் தேன் மட்டும் வெளியே வரும். அடை உடையாது. அதையே திரும்பப் பெட்டியில் வைத்துவிடலாம். மெழுகு சுரக்கவே தேனீ ஏராளமான தேனைத் தின்ன வேண்டியிருக்கிறது. அடை தப்பினால் அதன் உழைப்பும் தப்பும். தீப்பந்தம் பிடித்து, கூட்டையே எரித்து, பிழிந்து எடுக்கும் முறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தேனீயைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் (அபூதாவூத்). முஃமினுக்குத் தேனீயை உவமை சொல்லும்போது, நல்லதை உண்டு நல்லதைத் தந்து, உட்கார்ந்த கிளையை முறிக்காத ஒன்றாக அதைக் காட்டினார்கள் (அஹ்மத்). கிளையை முறிக்காத ஜீவனின் வீட்டை நாம் முறிக்கலாமா?

இனி சர்க்கரை. பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கையும் பூக்கும்போது தேனீக்குக் குறையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நம் கரையில் நாள்கணக்கில் கொட்டுகிறது. தேனீ வெளியே போக முடியாது, போனாலும் பூவில் தேன் இராது. (கடலோரம் நெடுகச் சவுக்குத் தோப்பு இருக்கிறதே என்பீர்கள். சவுக்கு காற்றில் மகரந்தம் பரப்பும் மரம். அதில் தேனீக்குத் தேன் கிடைக்காது.) அப்போது சர்க்கரைப் பாகு வைப்பது பாவமல்ல, கடமை. அது சேர்த்து வைத்த உணவை எடுத்தவர்கள் நாம்தானே? பட்டினியில் விடுவதுதான் குற்றம். ஆனால் அந்தப் பாகு தேனீ உயிர் பிழைக்க வைத்தது. அந்த நாட்களில் தேன் அறையைக் கழற்றிவிட வேண்டும் என்பது பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். கழற்றாமல் விட்டு, பாகை அதிகமாக ஊற்றி, அடை நிறைந்ததும் எடுத்தால், அது தேனீயின் வயிறு வழியாக வந்த சர்க்கரைதான். நம் நாட்டு உணவுச் சட்டமும் பூவின் மதுவிலிருந்தும் செடிகளின் சுரப்பிலிருந்தும் தேனீ உண்டாக்குவதையே தேன் என்கிறது.

“தேனீதானே செய்தது? நான் எதையும் கலக்கவில்லையே” என்று சிலர் சொல்லக்கூடும். மதீனாவின் கடைத்தெருவில் நடந்ததைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள்; விரல்களில் ஈரம் பட்டது. வியாபாரி, மழையில் நனைந்துவிட்டது என்றார். மழை பெய்ததற்காக அவரை நபியவர்கள் கண்டிக்கவில்லை. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்றுதான் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). நம் விஷயத்திலும் மழைதான் காரணம். மழை குற்றமில்லை. மறைப்பதுதான் குற்றம்.

வாங்குபவர் சோதித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொல்ல முடியாது. தண்ணீரில் விடுவது, தீக்குச்சியில் தடவிப் பற்றவைப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எல்லாம் நம்பத்தக்கவை அல்ல. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனை ஆராய்ந்து வெளியிட்டது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 3 மட்டுமே. வழக்கமான சோதனைகளில் தப்பியவை, ஜெர்மனி ஆய்வகத்துக்கு அனுப்பியபோது சிக்கின. ஆய்வகமே திணறும் இடத்தில், வயிற்று வலிக்காரப் பிள்ளைக்கு வாங்கிப் போகும் தாய் எதைக் கண்டுபிடிப்பாள்? தம் சகோதரரின் வயிற்று உபாதையைச் சொல்லி வந்தவரிடம் நபி (ஸல்) அவர்கள் தேன் புகட்டச் சொன்னதைக் (புகாரி) கேட்டுத்தான் அவள் வாங்குகிறாள். அவளிடம் இருப்பது உங்கள் வார்த்தை மட்டுமே. அது அமானத்.

ஆகவே, பாகு வைத்த நாட்களில் நிறைந்த அடை தேனீக்கே உரியது. பூக்காலத்தில் புதிதாக நிறைந்ததை மட்டும் எடுங்கள். ஆண்டுக்குச் சில கிலோதான் தேறும், தேறட்டும். ஏற்கெனவே விற்றிருந்தால், வாங்கியவரைத் தேடிப்போய் விஷயத்தைச் சொல்லுங்கள். பொருளில் குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. அவர் கேட்டால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். விசாரித்தும் யாரென்று தெரியாதவர்களுக்குரிய தொகையை, நன்மை அவர்களுக்குச் சேர வேண்டும் என்ற நிய்யத்தில் ஸதகா செய்துவிடுங்கள்.

தேனுக்கு உஷ்ர் உண்டா என்றும் கேட்டிருந்தார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் உஷ்ர் நிலத்தில் கிடைத்தால் உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களிடம் இல்லை. அவரவர் மத்ஹபின்படி உங்கள் பள்ளியின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.