இடாப்பிலிருந்து நீங்கிய பெயர்கள்

2013 இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் மூன்று பகுதிகளாக வெளிவந்த ‘எங்கள் தாய்மார், எங்கள் தந்தையர்’ என்னும் நாடகம், 1941 இல் பெர்லினில் விடைபெற்றுப் பிரியும் நண்பர் ஐவரின் கதையாகும். சகோதரர் இருவர் கிழக்குப் போர்முனைக்குச் செல்கின்றனர், ஒருத்தி தாதி, ஒருத்தி பாடகி, ஐந்தாமவன் யூதன். நத்தாருக்குள் மீண்டும் கூடுவோமென அவர்கள் நம்புகின்றனர்.

நூல்களை நேசித்த இளைய சகோதரன் ஈவிரக்கமின்றிக் கொல்லப் பழகுகிறான். தாதியோ உடன் பணிபுரிந்த யூதப் பெண்ணைக் காட்டிக்கொடுக்கிறாள். கொடுமைகளை நாடகம் மறைக்கவில்லை. போரே இவர்களைக் கெடுத்தது என்கிறது. நாமும் இரங்குகிறோம். ஆயின், போருக்கு முன் அச் சமுதாயம் மாசற்றதாகவா இருந்தது? 1935 இலேயே யூதரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1938 நவம்பரில் அரசாங்கப் பாடசாலைகளிலிருந்து யூதப் பிள்ளைகள் வெளியேற்றப்பட்டனர். இவற்றை நிறைவேற்றியோர் போர்க்கள வெறியரல்லர். எழுதுவினைஞர், அதிபர், எம்போன்ற ஆசிரியர். யூத நண்பனை நடுவே அமர்த்தி 1941 இல் தொடங்கும் கதைக்கு இவையெல்லாம் வேண்டாதனவாகிவிடுகின்றன. (யூத வெறுப்பைப் போலந்து எதிர்ப்புப் படையினரிடம் அழுத்திக் காட்டியமை அந்நாட்டிற் கடுங்கண்டனத்தை எழுப்பியதில் வியப்பில்லை.)

தாய்தந்தையர் போரிற் பட்ட துயரைக் கேட்டறிதல் பிள்ளைகளின் கடனே. அப் பெயர்கள் இடாப்பிலிருந்து நீங்கிய காலையில் அவர்கள் எந்த வாங்கில் அமர்ந்திருந்தனர் என்பதையும் கேட்டிருக்கலாம்.