கேட்கப்படாத விண்ணப்பம்

நோயுற்ற குழந்தையின் தலைமாட்டில் அமர்ந்து இரவெல்லாம் வேண்டிய தாய்க்கு, விடியற்காலையில் அக்குழந்தையின் உயிரற்ற உடலே எஞ்சுமாயின், அவள் செய்த வேண்டுதல் என்னாயிற்று? இவ்வினா ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. மாந்தர் வாழும் இடமெங்கும் எழுவது. ஆயினும், வினாவினும் கொடியது சுற்றியிருப்போர் அதற்குக் கூறும் விடை. "உன் நம்பிக்கை போதவில்லை" என்பார் ஒருவர். "எல்லாம் நன்மைக்கே" என்பார் மற்றொருவர். பிள்ளையைப் பறிகொடுத்தவள் துக்கத்தின்மேல் பழியையும் சுமக்கிறாள். இஃது அறமாகுமா? யூத மக்களின் நூல்களையும் வழக்கங்களையும் துணைக்கொண்டு இதனை ஆராய்வோம். மன்றாடியும் விடை பெறாத துயரை மறைக்காமல் தம் வேதத்திலேயே எழுதி வைத்தவர்கள் அம்மக்கள்.

முதலாவது, பழி சுமத்துதலைப் பற்றிக் காண்போம். யோபு என்னும் நல்லவர் ஒரே நாளில் மக்களையும் செல்வத்தையும் இழந்தார்; பின்னர் உடல் நலத்தையும் இழந்தார். அவரைக் காண வந்த நண்பர் மூவர் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் வாய் பேசாது அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் செய்தது நன்று. பிறகு வாய் திறந்தனர். குற்றம் இன்றித் தண்டனை வாராது என்று வாதித்தனர். அந்நூலின் முடிவில் இறைவனால் கண்டிக்கப்படுவோர் யார்? கேள்வி கேட்டு முறையிட்ட யோபு அல்லர். இறைவனுக்காக வாதாடிய அந்நண்பர்களே. யோபுவுக்கும் ஏன் துன்பம் வந்தது என்னும் காரணம் சொல்லப்படவில்லை. இதனின்று யூத அறிஞர் ஒரு விதி வகுத்தனர். துக்க வீட்டிற்குச் செல்வோர், துக்கப்படுபவர் பேசத் தொடங்குமுன் தாம் பேசலாகாது என்பதே அது.

இரண்டாவது, வேண்டுதலின் எல்லை யாது? கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் சட்ட நூல் இதற்கோர் எடுத்துக்காட்டுத் தருகிறது. ஒருவன் பயணத்தினின்று திரும்பும்போது ஊருக்குள் அலறல் கேட்கிறது. "இஃது என் வீட்டில் எழுந்ததாக இருக்கலாகாது" என்று அவன் வேண்டினால் அவ்வேண்டுதல் வீண் என்கிறது அந்நூல். நடந்தது நடந்துவிட்டது; அதை நடவாததாக்க வேண்டுவதில் பயனில்லை. மேலும், அவ்வலறல் தன் வீட்டில் இல்லையெனில் அயலான் வீட்டில் அன்றோ இருத்தல் வேண்டும்? வேண்டுதல் என்பது விசையைத் தள்ளியவுடன் ஓடும் ஆலைத்தறி அன்று. அப்படி எண்ணுவோரே, தறி ஓடாதபோது தள்ளியவரைக் குறை கூறுகின்றனர்.

"அங்ஙனமாயின் துன்பத்தை இனியதென்று ஏற்றுக்கொள்ள வேண்டுமோ?" எனச் சிலர் வினவலாம். தால்முத் என்னும் பெருநூல் இதற்கு விடை கூறுகிறது. ரபி யோகனான் என்பவர் பத்துப் புதல்வரைப் பறிகொடுத்தவர். அவர் நோயுற்ற தம் மாணவர் ரபி ஹிய்யாவைக் காணச் சென்று, இத்துன்பம் உமக்கு உவப்பானதோ என்று கேட்டார். துன்பமும் வேண்டா, அதனால் வரும் நற்பயனும் வேண்டா என்றார் மாணவர். யோகனான் அவரைக் கடியவில்லை. கையைக் கொடும் என்று கேட்டுப் பற்றி எழுப்பினார். பின்னொரு நாள் யோகனான் தாமே நோயுற்றபோது, ரபி ஹனினா வந்து அவ்வாறே கைகொடுத்து எழுப்பினார். பிறரை எழுப்பியவர் தம்மைத் தாமே எழுப்பிக்கொள்ளல் ஆகாதோ என்று நூல் கேட்கிறது. சிறைப்பட்டவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள இயலாது என்பதே அது தரும் விடை.

இக்கருத்தே யூதரின் துக்க வழக்கங்களில் நடைமுறையாகி நிற்கிறது. அடக்கம் முடிந்து வீடு திரும்பியவர் முதல் வேளை உணவைத் தம் வீட்டுப் பொருளால் உண்ணலாகாது. அயலார் முட்டையும் பருப்பும் சமைத்துக் கொணர்வர். ஏழு நாள் அவர் தாழ்ந்த ஆசனத்தில் வீட்டிலேயே அமர்ந்திருக்க, ஊரார் வந்து உடனிருப்பர். பெற்றோரை இழந்தவர் பதினொரு மாதமும், மனைவி மக்கள் முதலியோரை இழந்தவர் முப்பது நாளும் கத்தீஷ் என்னும் துதியைச் சொல்வர். அரமேய மொழியில் அமைந்த அத்துதியில் மரணம் என்ற சொல்லே இல்லை. இறந்தவரைப் பற்றிய பேச்சும் இல்லை. இறைவனின் பெயர் உயர்க என்பதே அதன் பொருள். வேண்டியது கிடைக்காதவர் வாயில் இத்துதி எங்ஙனம் வரும்? தனித்து வாராது என்பதை அறிந்தே போலும், பத்துப் பேர் கூடினாலன்றி அதனைச் சொல்லலாகாது என்று விதித்தனர். அவர் சொல்லச் சொல்ல மற்றையோர் "ஆமென்" என்று விடையிறுப்பர். வானம் விடை தாராத இடத்தில் அயலார் விடை தருகின்றனர்.

இவ்விதியின் வலிமையை நம் நாட்டிலேயே காணலாம். கொச்சியில் 1568-ஆம் ஆண்டு கட்டப்பட்ட யூதர் தொழுகைக் கூடம் இன்றும் அழகுடன் நிற்கிறது. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர் அங்கிருந்த யூதரில் பெரும்பாலோர் கடல் கடந்து சென்றனர். கூடம் உண்டு, நூல் உண்டு, விளக்கு உண்டு. வெளியூரார் வந்தாலன்றிப் பத்துப் பேர் இல்லை. ஆறுதலுக்கு வேண்டுவது கட்டிடம் அன்று, மனிதரே என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நம் காலத்தில் அமெரிக்க ரபி ஹெரால்டு குஷ்னர் இவ்வினாவைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்டார். அவர் மகன் இளமையிலேயே முதுமை எய்தும் கொடிய நோயால் 1977-இல் பதினான்கு வயதில் இறந்தான். 1981-இல் வெளிவந்த நூலில் அவர், நோயை இறைவன் அனுப்பவில்லை, அதைத் தடுக்கவும் அவனால் இயலவில்லை, தாங்கும் வலிமையையே வேண்டுதல் தருகிறது என்று எழுதினார். இறைவனின் ஆற்றலைக் குறைத்துவிட்டார் என்று யூதரிலேயே பலர் மறுத்தனர். அவ்வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. ஆயினும் மறுத்தவரும் உடன்பட்டவரும் பழைய துக்க வழக்கங்களை ஒருங்கே மதிப்பவர்கள் என்பதை நோக்குக.

ஆதலின், கேட்கப்படாத விண்ணப்பத்திற்குள் மறைந்த பொருளைத் தேடித் துக்கப்படுபவர் அலைய வேண்டுவதில்லை. அவர் இரவெல்லாம் வேண்டியது அன்பின் செயல். மரணம் அதைப் பொய்யாக்கவில்லை. இனி விடையிறுக்கும் கடமை உயிரோடிருப்போரைச் சார்ந்தது. அன்பர்களே, அடுத்த தெருவில் அழுகுரல் கேட்டால் காரணம் கூறச் செல்லாதீர்கள். ஒரு வேளை உணவு கொண்டு செல்லுங்கள். அருகில் அமருங்கள். அவர் பேசும் வரை பொறுத்திருங்கள். அவர் கை நீட்டினால் பற்றிக்கொள்ளுங்கள்.