அறியாமை எப்போது பாவமாகும்?



“எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டால் குற்றம் நீங்கிவிடுமா? அறியாமை இருவகைப்படும் என்று நமது வேதசாஸ்திரம் போதிக்கிறது. எவ்வளவு முயன்றாலும் நீக்கக்கூடாத அறியாமை ஒன்று, அதற்குக் குற்றமில்லை. நீக்கக்கூடியதாயிருந்தும் அசட்டையால் விட்டுவைக்கும் அறியாமை மற்றொன்று. தன் அந்தஸ்துக்கும் தொழிலுக்கும் உரியவைகளை அறிந்திருக்க ஒவ்வொருவனும் கடமைப்பட்டவன் என்கிறார் அர்ச். தோமாஸ் அக்குயீனாஸ்.

காசநோயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் இந்நோய்க்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஏழை நோயாளிகளில் ஒரு சாராருக்குச் சானடோரியத்திலும், மறு சாராருக்கு நெருக்கமான அவர்கள் வீடுகளிலுமே ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். இரு சாராரும் ஏறக்குறையச் சமமாய்க் குணமடைந்தார்கள் என்று 1959-ல் உலகத்துக்குத் தெரியவந்தது. இடமல்ல, முறைப்படி உட்கொள்ளும் மருந்தே குணமாக்குகிறது என்று விளங்கிற்று.

மருந்து இருந்தும் அதைக் கொடுப்பவருக்கு முறை தெரியாவிட்டால்? பம்பாயில் 100 தனியார் வைத்தியர்களைக் கேட்டபோது, அவர்கள் 80 விதமாக மருந்து எழுதினார்கள் என்று 1991-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோயாளிக்குக் கெடுதல் வரவேண்டுமென்று அவர்களில் எவர் எண்ணியிருப்பார்? ஆனால் நல்லெண்ணம் கிருமியைக் கொல்லாது. அளவோ காலமோ குறைந்தால் கிருமி மருந்துக்கு அடங்காததாகி, அடுத்த வீட்டுப் பிள்ளையையும் பற்றக்கூடும்.

சாதாரணக் காசத்துக்கு இன்றைய முறை இது: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பின்பு 4 மாதம் மூன்று; உடல் எடைக்குத் தக்க அளவு, தினந்தோறும். அரசாங்கத் திட்டத்தில் முன்பு வாரம் மூன்று நாள் கொடுத்தார்கள். 2017-ல் அது தினசரி முறையாக மாறிற்று. ஆகையால் அன்று நன்றாய்ப் படித்தவரும் மறுபடி படிக்கவேண்டும்.

“இரவு பகல் கண்விழித்து உழைக்கும் பயிற்சி வைத்தியர் எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியுமா?” என்பீர்கள். முடியாதுதான். ஆனால் “எனக்கு நிச்சயமில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்ல எவராலும் முடியும். தெரியாதிருப்பது குறை, வெட்கத்தினால் தெரிந்தவர்போல் எழுதிக்கொடுப்பதே பாவம். தாழ்ச்சி என்ற புண்ணியம் கோவிலுக்கு மட்டுமல்ல, மருந்துச் சீட்டுக்கும் வேண்டும்.

விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கான்சாபுரத்துப் பிள்ளைகளுக்கும் வைத்தியப் படிப்பு இனி எட்டாத தூரமல்ல. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வெள்ளை அங்கி அணிந்து வந்தால், மார்க்கை மட்டும் கேளாதீர்கள், “தெரியாததைப் பெரியவர்களிடம் கேட்கிறாயா?” என்றும் கேளுங்கள்.

நமக்கும் பங்குண்டு. இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளியைப் பரிசோதிக்கவேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். ஆறு மாதம் என்று சொல்லியும், உடம்பு தேறிவிட்டதென்று இரண்டாம் மாதமே மாத்திரையை நிறுத்துகிறவர் “தெரியாது” என்று சொல்ல இடமில்லை. இன்றிரவு ஆத்துமசோதனை செய்யும்போது, செய்த பாவங்களோடு, அறியவேண்டியிருந்தும் அறியாமல் விட்டவைகளையும் எண்ணிப் பார்ப்போமாக.