முறை யாருடையது?

ப்ரஹ்மோத்ஸவ காலங்களில் திவ்யதேசங்களுக்கு எழுந்தருளும் ஆஸ்திக அன்பர்களுக்கு வரிசையில் நிற்பது புதிதன்று. எம்பெருமானை ஸேவிக்கும் நேரம் சில நொடிகளே. அதற்காகக் காத்து நிற்கும் நேரமோ நாழிகைக் கணக்கில் நீளுகிறது. இடுப்பிலே குழந்தை, கையிலே துளசிமாலை, கண்ணெதிரே முன்னிற்பவரின் முதுகு. இவ்வாறு நிற்கையில் பக்கத்திலுள்ள வேறொரு வாசல் திறக்கிறது. ஒரு பிரமுகர், அவர் குடும்பத்தார், அவரை அழைத்து வந்த அலுவலர் ஆகியோர் உள்ளே செல்கின்றனர். வரிசை அசையாமல் நிற்கிறது. ஒருவர் முணுமுணுக்கிறார், மற்றொருவர், "எல்லாம் அவனுக்குத் தெரியும்" என்று விமானத்தை நோக்கிக் கையைக் காட்டுகிறார். பிறகு வரிசை ஓரடி நகருகிறது.

அன்றாடம் நிகழும் இந்தச் சிறு காட்சியில் பெரியதொரு தர்ம விசாரம் அடங்கியிருக்கிறது. முன்னே சென்றவருக்கு அளிக்கப்பட்ட பொருள் யாது? அதை அளித்தவர் யார்? அது அளித்தவருக்குச் சொந்தமான பொருள்தானா?

பாரத தேசத்தின் ஸாமான்ய ஜனங்கள் தங்கள் வாழ்நாளில் பெரும்பகுதியை வரிசைகளிலேயே கழிக்கிறார்கள். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், தாலுகா ஆபீஸ் ஆகிய எங்கும் முறைக்காகக் காத்திருத்தல் உண்டு. இந்தக் காத்திருத்தலுக்கென்று எழுதப்படாத ஸ்ம்ருதி ஒன்று ஜனங்களிடையே வழங்கி வருகிறது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை மாநகருக்குக் குடிநீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. அந்நாட்களில் லாரி வருவதற்கு வெகுநேரம் முன்னதாகவே தெருக்களில் பிளாஸ்டிக் குடங்கள் அணிவகுத்து நின்றன. குடத்திற்கு உரியவள் வீட்டில் உலை வைக்கச் சென்றிருப்பாள்; அவளுடைய ஸ்தானத்தில் குடம் நிற்கும். ரேஷன் கடை வாசலில் துணிப்பையும் செங்கல்லும் அவ்வாறே மனிதருக்குப் பிரதிநிதியாக நிற்பதுண்டு. சண்டையே நேர்ந்ததில்லை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அந்தச் சண்டை எதைப் பற்றியது? "என் குடத்தை ஏன் நகர்த்தினாய்?" என்பதே வழக்கு. அதற்கு எதிராளி, "குடம் நின்றால் நீ நின்றதாகுமா?" என்று வாதாடுவதில்லை, "நான் நகர்த்தவில்லை" என்றே சொல்லுகிறாள். தர்மத்தை மறுப்பவர் அங்கே ஒருவருமில்லை; குற்றத்தைத்தான் மறுக்கிறார்கள். சாஸ்திரம் பயிலாத ஒரு தெருவில், வெறுங்குடம் ஒன்று மனிதனுக்குரிய மரியாதையைப் பெறுவது வியக்கத்தக்கது.

முறை என்பது உண்மையில் ஆயுளின் ஒரு துண்டேயாகும். இழந்த பொருளை மீண்டும் ஈட்டலாம். நின்று கழித்த நேரத்தை ஈட்ட வழியில்லை. ஆயிரம் பேர் காத்திருக்கும் வரிசையை ஒரு பிரமுகருக்காக இரண்டு நிமிஷம் நிறுத்தினால், போவது இரண்டு நிமிஷமன்று. ஆளுக்கு இரண்டாக இரண்டாயிரம் நிமிஷம், அதாவது 33 மணி நேரத்திற்கு மேல், பலருடைய ஆயுளிலிருந்து சிறுகச் சிறுக எடுக்கப்படுகிறது. ஒருவரிடமிருந்து மொத்தமாக எடுத்தால் அது திருட்டென்று உடனே விளங்கிவிடும். ஆயிரம் பேரிடம் கிள்ளி எடுப்பதால் ஒருவருக்கும் வலிப்பதில்லை. எடுத்தவருக்கும் எடுத்ததாகத் தோன்றுவதில்லை.

அங்ஙனமாயின் எவரையும் முன்னே விடலாகாதோ என்ற கேள்வி எழும். அப்படியன்று. தள்ளாத வயதினர், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வந்தவர், ஊன்றுகோலுடன் நிற்பவர் ஆகியோரைக் கண்டால் வரிசையிலுள்ளவர்களே, "பாட்டி, நீங்கள் முன்னே போங்கள்" என்று விலகி வழிவிடுகிறார்கள். இங்கே கொடுப்பவர் தமக்குரியதைக் கொடுக்கிறார்; ஆகவே அது தானம். ஆம்புலன்ஸ் வண்டிக்கு வீதி முழுவதும் ஒதுங்குவதும் இவ்வகையினதே. ஆனால் வரிசையில் நில்லாத ஒருவர், வரிசையில் நில்லாத மற்றொருவருக்கு, நிற்பவர்களுடைய முறையை எடுத்துக் கொடுப்பதை எந்தப் பெயரால் அழைப்பது? பிறர் பசுவை அவிழ்த்துக் கோதானம் செய்தவனைப் புண்யவான் என்று எந்த சாஸ்திரமும் கூறவில்லை. அறியாமல் செய்த அத்தகைய தானத்தினாலேயே ந்ருக மஹாராஜன் ஓணானாய்க் கிணற்றில் கிடந்தான் என்று ஸ்ரீபாகவதம் கூறும் சரித்திரத்தை உத்ஸவ காலங்களில் உபந்யாஸகர்கள் சொல்லக் கேட்டிருப்பவர் பலர்.

பதவியிலிருப்பவர்களுக்குக் காரியப் பொறுப்பு மிகுதி, அவர்கள் காத்திருந்தால் நாட்டுக் காரியம் கெடும் என்று சமாதானம் கூறுவர். காரியத்திற்குச் செல்லும்போது அது பொருந்தும். ஸந்நிதியில் என்ன ராஜ்யகாரியம்? மோட்டார் வண்டிகளின் தலையிலிருந்த சிவப்பு விளக்குகள் 2017ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று மத்திய அரசின் உத்தரவால் நீக்கப்பட்டன. விளக்கு போயிற்று; அதன்கீழ் அமர்ந்திருந்த எண்ணம் போயிற்றா என்பது வேறு விஷயம். புரீ க்ஷேத்திரத்தில் ரதயாத்திரையன்று கஜபதி மஹாராஜா தேரின்மீது ஏறுகிறார். ஆனால் பொற்காம்பிட்ட துடைப்பத்தோடு ஏறி, தேர்த்தட்டைப் பெருக்குகிறார். அரசனுக்கு ஜகந்நாதன் அளித்த முதலிடம் அத்தகையது. துடைப்பத்தோடு முன்னே வருபவரை எந்த வரிசையும் வெறுக்காது.

கட்டண தரிசனத்தைப் பற்றிய வாதம் இவ்வளவு எளிதன்று. திருமலையில் 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவு தரிசனம் உண்டு. தமிழ்நாட்டுப் பெரிய கோயில்கள் பலவற்றிலும் தனிக்கட்டண வழிகள் உண்டு. கோயிலுக்கு வரும் அப்பணம் திருவிளக்குக்கும் அன்னதானத்துக்கும் திருப்பணிக்கும் பயன்படுகிறது என்பது மெய். ஒருகால பூஜைக்கும் எண்ணெய் இல்லாத சிறு கோயில்களை அறிந்தவர் வருமானத்தை இகழமாட்டார். எனினும் ஒன்றைப் பிரித்துணர வேண்டும். பணம் கொடுப்பவர் தம் பணத்தைக் கொடுக்கிறார். அதற்கு மாற்றாக அவர் பெறுவது கோயிலின் பொருளன்று, பொதுவழியில் நிற்கும் ஏழையின் நேரம். விற்றவருக்கு விலை வந்தது. பொருளுக்கு உடையவனுக்கு ஒன்றும் வரவில்லை. கட்டண வழிக்கென்று தனி வேளை வகுத்துப் பொது தரிசனத்தைக் குறைக்காமல் நடத்தினால் தோஷம் மெலியும். பொதுவழியை மறித்து நிறுத்திக் கட்டண வழியைத் திறந்துவிட்டால் தோஷம் முழுமையடையும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, எல்லாம் வியாபாரம் என்று தூற்றுவதும் எல்லாம் கைங்கர்யம் என்று மழுப்புவதும் விசாரத்திற்கு உதவா.

முறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சம் ஜனங்களை என்ன செய்யும் என்பதற்கு அண்மைக்காலத்திலேயே துயரமான சான்று உண்டு. 2025ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசிக்கான டோக்கன் பெறத் திருப்பதியில் திரண்ட அடியார் கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் உயிரிழந்தனர். பரமபத வாசலைக் காண வந்தவர்கள் அவர்கள். தள்ளினவர்கள் கொடியவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. தனக்குரியது தன் கைக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கை உள்ளவன் தள்ளுவதில்லை. பலமுறை ஏமாந்தவனே தள்ளுகிறான்.

அந்த நம்பிக்கையை இத்தேசம் ஓரிடத்தில் மிக அழகாகக் காப்பாற்றி வருகிறது. 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்த முதற்பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தனர். ஜமீன்தாரும் அவர் நிலத்தில் உழுதவனும் ஒரே வரிசையில் நிற்க அன்று முறை பிறந்தது. அதற்கும் ஒரு குறை நேர்ந்தது. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே சொல்லித் தம் பெயரைச் சொல்லாத காரணத்தால், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. வரிசையில் நிற்கவும் ஒருவருக்குத் தம் பெயர் வேண்டியிருக்கிறது! இத்தேர்தல்களில் கையாளப்படும் விதி ஒன்றை அறிந்தவர் மிகுதியாக இலர். வாக்குப்பதிவு நேரம் முடியும்போது வரிசையில் பலர் எஞ்சியிருந்தால், வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அவர்களுக்கு எண்ணிட்ட சீட்டு வழங்குகிறார். வாசற்படியருகே நிற்பவரிடமிருந்து அவர் தொடங்குவதில்லை. வரிசையின் வாலுக்குச் சென்று, கடைசியாக நிற்பவர் கையில் முதல் எண் சீட்டைக் கொடுத்து, அங்கிருந்து முன்னோக்கி வருகிறார். நேரம் கடந்து வந்தவர் பின்னால் ஒட்டிக்கொள்ளாதிருக்கச் செய்த உபாயம் இது. எனினும், கடைசியில் நிற்பவன் கைவிடப்படவில்லை என்பதை அவனுக்கு முதலில் உணர்த்துவதற்கு இதைவிடச் சிறந்த வழி ஏது? வாக்கை விலைக்கு விற்றுவிட்டு அந்த வரிசையில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விற்றது தங்களுடையதை மட்டுமன்று என்பதை அவர்கள் உணர்வதில்லை.

கோயில் வரிசையைப் பற்றிப் பேசுவோர், அதில் நிற்கவும் இடம்பெறாதவர்கள் இருந்த காலத்தை மறைத்தலாகாது. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. மதுரையில் 1939 ஜூலை 8ஆம் தேதி, வைத்யநாதய்யர் ஹரிஜன அன்பர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் ஆலயத்தினுள் சென்றார். சென்னை மாகாணத்தில் 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. அதற்குமுன் எத்தனையோ தலைமுறையினர் கோபுரத்தை மட்டும் கண்டு திரும்பினர். வரிசை நீளமாயிருக்கிறதே என்று சலித்துக்கொள்பவர், அந்நீளத்தில் ஒரு பகுதி தர்மம் திரும்பி வந்ததனால் உண்டான நீளம் என்று அறிந்தால் கால்வலி சற்றே குறையக்கூடும். திருப்பாணாழ்வார் காவிரிக்கரையில் நின்றவாறே அரங்கனைப் பாடினார். அவர்மீது கல்லெறிந்த லோகஸாரங்க முனிவரையே அவரைத் தோளில் சுமந்து வரும்படி பெரிய பெருமாள் நியமித்தருளினார். சுமந்தவர் ஓர் அர்ச்சகர். இச்சரித்திரத்தை ஆண்டுதோறும் கேட்டுக் கண்ணீர் விட்ட ஊர்களிலேயே வாசல்கள் சாத்தியும் இருந்தன.

ஸம்ப்ரதாயஸ்தர்கள் தங்களையும் இங்கே பரிசோதித்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். முதல் தீர்த்தம் யாருக்கு, கோஷ்டியில் யார் முன்னே நிற்பது என்பன போன்ற வழக்குகள் உயர்நீதிமன்றம் வரை சென்றுள்ளன. ஒரு உத்தரணி தீர்த்தத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக வக்கீல் கூலி கொடுத்த குடும்பங்கள் உண்டு. இத்தனைக்கும், ஸ்ரீவைஷ்ணவ ஸித்தாந்தம் உயர்த்திப் பேசும் இடம் வரிசையின் கடைக்கோடியே. பகவானுக்குத் தாஸனாயிருப்பதைவிட அவன் அடியார்க்கு அடியார்க்கு அடியாராய் எண்ணிச் சென்று, அக்கணக்கின் கடைசியில் நிற்பதையே நம்மாழ்வாரும் குலசேகரப் பெருமாளும் விரும்பினர். சரம பர்வம் என்று பூர்வாசார்யர்கள் போற்றியது அதனையே. தலையில் சாதிக்கும் ஸ்ரீசடாரியோ, முன்னே வந்த தலைக்கும் பின்னே வந்த தலைக்கும் ஒன்றுதான்.

திருக்கோவலூர் இடைகழியில் ஒருவர் படுத்திருந்த இடத்தில் இருவர் அமர்ந்தனர்; இருவர் அமர்ந்த இடத்தில் மூவர் நின்றனர். படுத்திருந்த பொய்கையார் எழுந்து இடம் தந்தார், பூதத்தார் வந்தார். அவ்விருவரும் எழுந்து நின்று இடம் தந்தனர், பேயார் வந்தார். ஒருவர் சுகமாய்ப் படுத்திருந்தவரையில் அங்கே வாராத எம்பெருமான், மூவரும் ஒடுங்கி நின்றபின்னரே அந்த இருட்டில் நெருக்க வந்து சேர்ந்தான். மூவரில் எவரும், "இவ்விடம் முதலில் வந்த எனக்குரியது" என்று சொல்லியிருந்தால் அது பொய்யும் ஆகாது. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் அவருக்கு அந்த நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை அவரே எழுந்து விட்டுக்கொடுத்தார். வேறொருவர் வந்து அவரை எழுப்பவில்லை.

காஞ்சிபுரத்தில் வைகாசி ப்ரஹ்மோத்ஸவக் கருடஸேவையன்று விடியற்காலையில் லக்ஷக்கணக்கானோர் வீதிகளில் காத்து நிற்பர். சோளசிங்கபுரத்துத் தொட்டையாசார்யர் ஆண்டுதோறும் அந்த ஸேவைக்கு வந்துகொண்டிருந்தவர். ஒரு வருஷம் உடல்நலம் குன்றி வர இயலாமற்போகவே, தம் ஊரில் தக்கான் குளக்கரையில் நின்று ஏங்கினார். தேவப்பெருமாள் அங்கேயே அவருக்குக் கருடாரூடனாய் ஸேவை ஸாதித்தான் என்பது ஐதிஹ்யம். அதன் நினைவாக இன்றளவும் கோபுர வாசலில் கருட வாஹனம் நிற்கிறது. குடைகள் தாழ்கின்றன. இராமுழுதும் நடந்து வந்தவர்களும் குழந்தையைத் தோளில் ஏந்தி எட்டிப் பார்ப்பவர்களுமாகிய அத்தனை பேருக்கும் பெருமாள் சில கணம் மறைந்துபோகிறார். வர முடியாமற்போன ஒருவருக்காக வந்தவர்கள் எல்லோரும் தங்கள் நேரத்தில் சிறிது விட்டுக்கொடுக்கிறார்கள். அந்தக் கணத்தில் ஒருவரும் முணுமுணுப்பதில்லை. குடை உயருகிறது, "வரதா, வரதா" என்ற கோஷம் எழுகிறது, வாஹனம் வீதியில் புறப்படுகிறது.