கைக்கு எட்டும் உயரம்

உடைந்த எலும்பு ஒட்டுவதற்கு நாம் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அசைக்காமல் வைத்திருந்தால் போதும். முறிவைச் சுற்றி ரத்தம் கட்டி, அது நாராகி, நார் எலும்பாகி, பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் கூடிவிடும். தோள்மூட்டின் கதை வேறு. கையெலும்பின் உருண்டைத் தலை, ஆழமில்லாத ஒரு சிறு குழியில் சாய்ந்து நிற்கிறது. நான்கு சிறு தசைகளும் ஒரு தளர்ந்த சவ்வுப் பையும்தான் அதை நழுவாமல் காக்கின்றன. அந்தப் பை அக்குள் பக்கம் மடிந்து தொங்குவதால்தான் கை தலைக்கு மேலே போகிறது. வாரக்கணக்கில் சும்மா வைத்திருந்தால் அந்த மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும். எலும்புக்கு மருந்தாக இருக்கும் ஓய்வே மூட்டைப் பூட்டிவிடுகிறது.

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கும் பாதையில், மழை விட்ட ஒரு மாலையில் வண்டி சறுக்கியது. வலது தோளுக்குச் சற்றுக் கீழே எலும்பின் கழுத்து முறிந்தது. கல்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த காலத்திலிருந்து எனக்குப் பழகிய பாதை அது. அடிபட்டது தோளில், கருநீலமோ முழங்கை வரை இறங்கி, பிறகு மஞ்சளானது. படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இரவுகள் போயின.

அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதில் வீட்டில் யாருக்கும் திருப்தியில்லை. பிளேட் வைத்தால்தானே சரியான வைத்தியம் என்று மைத்துனர் திரும்பத் திரும்பக் கேட்டார். பிரிட்டனில் இவ்வகை முறிவுள்ள 250 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை செய்தும் மற்றதற்குச் செய்யாமலும் இரண்டு ஆண்டுகள் கவனித்திருக்கிறார்கள். கை வேலை செய்வதில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஆய்வு 2015-இல் வெளியானது. எல்லா முறிவுக்கும் அது பொருந்தாது. என்னுடையதற்குப் பொருந்தும் என்றார் மருத்துவர்.

ஆக, கை திரும்பி வருவது பிசியோதெரபியின் பொறுப்பாகிவிட்டது; அதாவது என் பொறுப்பு. முதலில் குனிந்து நின்று, இடது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்ட வேண்டும். தோளைப் பற்றி 1934-இல் ஒரு பெரிய நூலே எழுதிய பாஸ்டன் மருத்துவர் கோட்மனின் பெயரால் வழங்கும் பயிற்சி இது. பிறகு சுவர்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறிச் சுவரில் ஏற வேண்டும். கண்ணுயரம் வந்ததும் நின்றுவிடும். அதற்கு மேல் முயன்றால் ஏறுவது கையல்ல. தோள்பட்டை காதை நோக்கி ஏறுகிறது, இடுப்பு வளைகிறது, குதிகால் எழும்புகிறது. விரல் மட்டும் இரண்டு அங்குலம் மேலே போயிருக்கும். இயன்முறை மருத்துவர், என் மாணவிகள் வயதுப் பெண், தோள்பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். "தோளைத் தூக்காதீங்கம்மா, கையைத் தூக்குங்க." விரல் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். உண்மையான உயரம் அதுதான். வலியும் வேலையும் அங்கிருந்துதான் ஆரம்பம்.

வலியைச் சுற்றிப் போக உடம்புக்குத் தெரிந்த வழிகள் என்னை மலைக்க வைத்தன. வீடும் அதற்குத் துணை நின்றது. மேல் அலமாரியில் இருந்த புளிச்சாடியையும் பருப்பு டப்பாக்களையும் மருமகள் கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்திருந்தாள். தலை வாரிவிடவும் அவளே வந்தாள். அவ்வளவும் பிரியத்தால் செய்தது. ஆனாலும் கட்டு அவிழ்த்த பிறகு, டப்பாக்களைப் பழையபடி மேலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். என் கை எட்டாத உயரம் இந்த வீட்டிலிருந்து காணாமல் போய்விட்டால், கை எட்டவில்லை என்பதே எனக்கு மறந்துபோகும்.

அனுசரித்துப் போவதை நாம் பெரிய குணமாக மெச்சுகிறோம், பெண்களிடம் இன்னும் கூடுதலாக. அதில் ஆபத்து இருக்கிறதென்று இப்போது திடமாக நம்புகிறேன்.

மலையில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார், என் பழைய மாணவியின் தாய். விறகுக் கட்டோடு ஓடையில் வழுக்கி விழுந்து தோள் முறிந்தது. ஆந்திராவின் புத்தூர் வரை போய்க் கட்டுப் போட்டு வருகிறவர்கள் நம் பக்கம் இன்றும் உண்டு. இவருக்கு மலையிலேயே மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். எலும்பு நன்றாகவே கூடியது. கட்டை அவிழ்த்த பிறகு கையை என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. தலைச்சுமையைப் பிடிக்கக் கை எழாததால் சுமையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "பழகிடுச்சு டீச்சரம்மா" என்றார்.

வாரத்துக்கு மூன்று நாள் மலையிறங்கிப் பயிற்சிக்கு வா என்றால், மூன்று நாள் கூலி போய்விடும். வீட்டுக்கே போய் இயன்முறை சிகிச்சை தருவதையும் சேர்த்துத்தான் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. அதை மிக நல்ல திட்டமாகக் கருதுகிறேன். கடைசி மலைக் கிராமத்துக்கும் அது தவறாமல் போய்ச் சேர வேண்டும். 2024-இல் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலையும் மருத்துவமும் அவ்வளவு காலம் கேள்வியாகாமலே கிடந்ததற்கு, மலைக்காரர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள் என்று கீழே இருந்தவர்கள் நினைத்ததும் ஒரு காரணம்.

பழகிக்கொள்ள வேண்டிய இடமும் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் கையை மடக்குவது இன்னும் பாதிதான் வருகிறது. இந்த வயதில் கடைசிக் கொஞ்சம் வராமலே போகலாம் என்கிறார் என் மருத்துவர். செய்ய வேண்டியதை எல்லாம் செய்து பார்த்த பிறகு அதை ஏற்றுக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. செய்யும் முன்பே ஏற்றுக்கொள்ளச் சொல்வதுதான் அநியாயம்.

முறிந்து இரண்டு வருஷமான கை இனி வருமா என்று, மலையிலிருக்கும் அந்த அம்மாவுக்காக மருத்துவரிடம் கேட்டேன். "முதல்ல எக்ஸ்ரே பார்க்கணும்மா. முழுசா வராது. விடாம செஞ்சா சுமையைப் பிடிக்கிற அளவுக்கு வரலாம்." இதை அந்த அம்மாவிடம் போனில் அப்படியே சொன்னேன். வலிக்குமா என்று அவர் கேட்கவில்லை. இரண்டு கையாலும் கோலைப் பிடித்து உயர்த்தும் பயிற்சியைச் சொன்னபோது, கோல் எவ்வளவு நீளம் வேண்டும், மூங்கில் ஆகுமா என்றுதான் கேட்டார். வியாழக்கிழமை கள்ளக்குறிச்சி வருகிறார். எக்ஸ்ரே எடுக்க நானும் கூடப் போகிறேன்.