இயற்கை கடமையாகுமா? – வளர்ப்பு நாயின் உணவை முன்வைத்து ஒரு நோக்கு

தன்னை அண்டி வாழும் விலங்குக்கு மனிதன் எதனை உணவாகக் கொடுத்தல் வேண்டும் என்பது வீட்டுப் பராமரிப்புச் சார்ந்த சிறியதொரு வினாவாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயினும், வளர்ப்பு நாய்களுக்குச் சமைக்காத உணவையே ஊட்டல் வேண்டும் என்னும் கொள்கை மேலை நாடுகளிற் பரவியதன் பின்னர் அது அறவியல் வினாவாகவும் மாறியுள்ளது.

இக்கொள்கைக்குச் செல்வாக்கைத் தேடிக்கொடுத்தவர்களுள் அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் இயன் பில்லிங்ஹேர்ஸ்ற் முக்கியமானவர். 1993 இல் வெளிவந்த தமது நூலில் அவர் பச்சை இறைச்சியையும் எலும்பையும் மரக்கறியையும் நாயின் உணவாக வற்புறுத்தினார். இக்கொள்கையினரின் வாதத்தைச் சுருக்கிக் கூறின், நாய் ஓநாயின் வழித்தோன்றல். ஓநாய் சமைத்த உணவை அறியாது. ஆகவே பச்சையுணவே நாய்க்கு உரியது என்பதாகும்.

இவ்வாதத்தின் பின்னணியில் நியாயமான ஓர் ஐயம் உண்டு. 1860 ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் நாய்களுக்கான பிஸ்கற்றை விற்கத் தொடங்கியதிலிருந்து, நாயின் உணவு படிப்படியாக வாணிபப் பண்டமாயிற்று. 2007 இல் மெலமைன் கலந்த உணவினால் வட அமெரிக்காவிற் பல நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இறந்தன. வளர்ப்போன் தன் வசதியையே அன்பெனக் கருதி ஏமாறலாம் என்னும் எச்சரிக்கை புறக்கணிக்கத்தக்கதன்று.

எனினும், ஐயம் நியாயமானது என்பதால் முடிவும் நியாயமானதாகிவிடாது. உள்ளது எது என்னும் கூற்றிலிருந்து செய்யத்தக்கது எது என்னும் கூற்றுக்கு நேரே தாவ இயலாது என்பதை 18 ஆம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் உணர்த்தினார். ஜோன் ஸ்ருவட் மில்லின் மறைவுக்குப் பின்னர் 1874 இல் வெளியான இயற்கை பற்றிய கட்டுரை இதனை மேலும் தெளிவாக்குகின்றது. உலகில் நிகழ்வன யாவும் இயற்கையெனின், அதனைப் பின்பற்றுக என்னும் அறிவுரைக்குப் பொருளில்லை. மனிதன் தலையிடாத நிலையே இயற்கையெனின், மனிதனின் எச்செயலும் அதனை மாற்றுவதேயாகும். நாயை வீட்டில் வளர்ப்பதும் அத்தகைய தலையீடன்றி வேறென்ன?

மேலும், ஓநாயை அளவுகோலாகக் கொள்வதும் முற்றிலும் பொருந்தாது. சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு ஓநாயில் இரு படிகளாக இருக்க, நாயில் 4 முதல் 30 வரையான படிகளாகக் காணப்படுகின்றது. மனிதன் பயிரிட்டு உண்டதன் சுவடு நாயின் உடலிலும் பதிந்துள்ளது. ஈழத்துக் கிராமங்களிற் சோற்றின் மிச்சிலை உண்டு வளரும் நாய் தன் இயல்புக்கு மாறாக வாழ்வதாகக் கூற முடியாது. அதேவேளை, அவுஸ்திரேலியாவின் டிங்கோவில் இப்பெருக்கம் காணப்படுவதில்லை. எனவே, நாய்கள் அனைத்துக்கும் ஒரே இயற்கை என்று கூறுதலும் கடினமே.

பச்சையுணவின் தீங்கும் உண்பவனோடு நின்றுவிடுவதில்லை. சல்மொனெல்லா போன்ற பற்றீரியாக்கள் நோயின் அறிகுறி தோன்றாத நாயின் மலத்தின் வழியாகவும் வெளியேறி, அவ்வீட்டுக் குழந்தையையும் முதியோரையும் தாக்கக்கூடும். குளிரூட்டி உறையவைத்தலால் அவை யாவும் அழிந்துவிடுவதில்லை. 2012 இல் அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் பச்சை இறைச்சியூட்டலை ஊக்குவிக்க மறுத்தமைக்கு இதுவே முக்கிய காரணமாயிற்று. அன்றியும், எலும்பின்றி இறைச்சியை மட்டுமே உண்ணும் குட்டி கல்சியம் குறைந்து எலும்பு நலிவுறும். கடின எலும்பைக் கடிக்கும் நாய் பல்லை இழத்தலும் உண்டு.

இங்கு அடிப்படையான அறப் பிரச்சினை சார்ந்திருத்தல் பற்றியதாகும். ஓநாய் தன் இரையைத் தானே தேடும். தவறினால் அதன் விளைவையும் தானே அனுபவிக்கும். வீட்டு நாயோ கிண்ணத்தில் இடப்பட்டதையே உண்ணும். தனக்காக இன்னொருவர் கொண்ட கொள்கையை ஏற்கவோ மறுக்கவோ அதனால் இயலாது. கொள்கை மனிதனுடையது, விளைவு நாயினுடையது. ஆகவே, தொழிற்சாலை உணவை ஆராயாது கொட்டுபவனும், ஓநாயைக் கற்பனை செய்து பச்சை இறைச்சியை இடுபவனும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். இருவரும் தம் முன்னே நிற்கும் நாயை நோக்குவதில்லை.

இதனால் இயற்கை பொருளற்றதாகிவிடாது. கடிப்பதிலும் மோப்பம் பிடிப்பதிலும் நாய் கொள்ளும் மகிழ்ச்சி அதன் இயல்பு. வளர்ப்போன் அதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஆனால், அவ்வியல்பு ஆராயத்தக்க சான்றேயன்றி முடிந்த தீர்ப்பன்று. அந்த நாயின் வயதையும் உடல்நிலையையும், அது வாழும் வீட்டையும் அறிந்து தீர்மானிக்கும் பொறுப்பு, அதனைத் தன் வாயிலில் நிறுத்திக்கொண்ட மனிதனுடையதே. அப்பொறுப்பை இயற்கையின் தலையில் ஏற்றிவிட்டு அவன் விலகிக்கொள்ளுதல் அறமாகாது.